பாலும் பட்டனும்

குலசேகரத்திலோ அருமனையிலோ ரப்பர் ஷீட் எடுக்கும் வியாபாரி காலையில் கடை திறந்ததும் விசாரிப்பது கோட்டயத்து விலையைத்தான். ஆர்.எஸ்.எஸ். 4 என்று தரம் பிரித்த ஷீட்டுக்கு அங்கே என்ன விலை போகிறதோ, அதில் வண்டிக்கூலியையும் தன் பங்கையும் கழித்துக்கொண்டு இங்கே ஒரு விலை சொல்வார். அந்த நான்காம் தரம்தான் டயர் கம்பெனிகள் அதிகம் வாங்குவது. தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் விளைகிறது. ஆனால் இங்கே வடிந்த பால் டயராகத் திரும்பி வர எங்கெங்கோ சுற்றியாக வேண்டும். மரம் இருக்கிறது, சாலை இருக்கிறது, தேய்ந்த டயருக்கு மறுபடி பட்டன் போடும், அதாவது ரீட்ரேட் செய்யும், பட்டறை இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய டயர் ஆலைதான் இல்லை. அது திருவொற்றியூரில் முளைத்தது. முளைத்த கதையில் ஒரு திவானும் ஒரு வங்கியும் ஒரு பலூனும் உண்டு.

இந்த மாவட்டம் அப்போது திருவிதாங்கூரின் தென்கோடி. 1936இல் திவானான சி.பி. ராமசாமி ஐயரின் காலத்தில், திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையிலான சாலை சிமெண்ட் கான்கிரீட் சாலையானது. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை புழுதி கிளப்பிக்கொண்டிருந்த தடத்தில் வழவழப்பான வெள்ளைச் சாலை. டயருக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்திருக்காது.

சாலைக்கேற்ற பஸ்ஸும் வந்தது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த இ.ஜி. சால்ட்டர் என்பவரை 1937இல் வரவழைத்து, போக்குவரத்துத் துறையை அவர் பொறுப்பில் விட்டது அரசு. இங்கிலாந்திலிருந்து கம்மர் சேஸிகள் வந்தன. என்ஜின் பெர்கின்ஸ் டீசல். பாடி உள்ளூரில் கட்டியது. 1938 பிப்ரவரி 20ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா சேவையைத் தொடங்கிவைக்க, மறுநாளே திருவனந்தபுரம்–கன்னியாகுமரித் தடத்தில் பஸ் ஓடியது. ஒரு மைலுக்குக் கட்டணம் அரைச் சக்கரம் (சக்கரம் என்பது திருவிதாங்கூர் நாணயம்). முன்புறத்து முதல் வகுப்பு இருக்கைக்கு அதில் பாதி கூடுதல்.

அதே 1938இல்தான் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கவிழ்ந்தது. திவானுக்கும் அந்த வங்கியை நடத்தியவர்களுக்கும் இருந்த பகையே காரணம் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். வங்கியின் முக்கியப் புள்ளிகளில் ஒருவரான கே.சி. மாம்மன் மாப்பிள்ளை சிறை சென்றார். அவருடைய மலையாள மனோரமா பத்திரிகைக்குப் பூட்டு விழுந்தது. அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தவர் அவர் மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. குடும்பச் சொத்து போன நிலையில் அவர் 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டுக் குழந்தைகளுக்கான பலூன் செய்து விற்றார். 1952இல் பலூனிலிருந்து டயருக்குப் பட்டன் போடும் டிரெட் ரப்பருக்கு மாறினார். 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியுடன் சேர்ந்து டயர் ஆலையே தொடங்கினார். எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்தில் நிற்கும் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியின் கதை இது. திவான் நல்ல சாலையையும் போட்டார். அந்தச் சாலைக்கு டயர் செய்யக்கூடிய குடும்பத்தைச் சமஸ்தானத்துக்கு வெளியிலும் தள்ளினார். அவர் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகலாம், ஆனால் வரிசையாக நடந்தவை இவை.

பலூனிலிருந்து நேராக டயருக்குப் போகாமல் டிரெட் ரப்பருக்கு ஏன் போனார் என்பதற்கு யுத்தகாலத்தைப் பார்க்க வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மலேயா ரப்பர் முழுக்கக் கைவிட்டுப் போனதும் உலகம் முழுவதும் டயருக்குத் தட்டுப்பாடு. இந்தியாவில் டயர் ரேஷனுக்குப் போனது. பெட்ரோலுக்கும் அதே கதிதான். மதுரையில் டி.வி.எஸ். கம்பெனியார் அடுப்புக்கரியில் வாயு எடுத்து பஸ் ஓட்டும் கேஸ் பிளாண்டுகளைச் செய்து கொடுத்தார்கள். கரிவாயுவில் பஸ்ஸை ஓட்டிவிடலாம்; டயருக்கு மாற்று எதைக் கட்டுவது? இருக்கிற டயரின் உடம்பைக் காப்பாற்றி, மேல்தோலை மட்டும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ரீட்ரேடிங் தொழில் இந்தியாவில் வேர்விட்டது இந்தப் பஞ்சத்தில்தான்.

மரத்தின் பக்கம் வருவோம். ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகள் முளைத்து, நாற்றுகளாக இலங்கைக்கு வந்தன. இலங்கை வழி வந்த ரப்பரை 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டமாக நட்டார்கள். அங்கிருந்து திருவிதாங்கூர் மலையடிவாரம் எங்கும் பரவியது. இந்த மாவட்டத்தையே நாஞ்சில் நாடு என்பவர்கள் உண்டு; சரியாகச் சொன்னால் அது தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் நெல்வயல். ரப்பர் அதற்கு மேற்கே, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் செம்மண் மேட்டில். இரண்டு பருவமழையும் அங்கே விழுகிறது, ரப்பருக்கு வேண்டியதும் அதுதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, தமிழ்நாட்டுக்கு ஒரு ரப்பர் வட்டாரமும் சேர்ந்து கிடைத்தது.

பிறகு வனத்துறை கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பக்கங்களில் ரப்பர் நட்டது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர் குடும்பங்களுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். மரமும் இலங்கை வழி வந்தது, அதில் பால் வெட்டியவர்களும் இலங்கையிலிருந்து வந்தார்கள். 1984இல் இந்தத் தோட்டங்கள் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகத்தின் கீழ் வந்தன.

பால்வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கும். வெயில் ஏறிவிட்டால் பால் வடிவது குறையும். வெட்டுக்கத்தியால் பட்டையைச் சரிவாகச் சீவினால் பால் சிரட்டையில் சொட்டும். அதை வடிகட்டி, தட்டில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் கலந்து உறையவைத்து, ரோலரில் நசுக்கி, புகையில் காயவைத்தால் ஷீட். மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது ஒட்டுப்பால். அதற்கும் விலை உண்டு, குறைவு. நட்டு ஏழு வருஷம் போல் காத்திருந்தால்தான் முதல் வெட்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் ஒரே நாளில் சாய்த்துப் போட்ட மரங்களுக்குப் பதிலாக உடனே நட்டவர்களுக்கே 2025 வாக்கில்தான் பால் கண்ணில் பட்டிருக்கும்.

ஷீட்டின் விலையும் டயரின் விலையும் ஒன்றோடொன்று ஏறி இறங்கும் என்று யாராவது நினைத்தால், விளவங்கோட்டுக்காரரிடம் கேட்கலாம். 2011 ஏப்ரலில் கிலோவுக்கு 240 ரூபாயைத் தொட்ட ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே போனது. வெட்டுக்கூலிக்கே கட்டுப்படியாகாமல் பலர் பால் வெட்டாமல் விட்டார்கள். டயர் விலை அப்படிப் பாதியாகவில்லை. டயரில் இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பர், கார்பன் கரி, இரும்புக் கம்பி, நைலான் எல்லாம் இருக்கின்றன. பாதிச் சரக்கு கச்சா எண்ணெயின் வாரிசு. இது நியாயமான பதில். இன்னொரு பதிலும் உண்டு. ஐந்து பெரிய டயர் நிறுவனங்களும் அவற்றின் சங்கமும் 2011–12இல் கூடிப்பேசி விலை வைத்ததாகக் கூறி, மொத்தம் 1,788 கோடி ரூபாய் அபராதம் போட்ட போட்டி ஆணையத்தின் உத்தரவு 2022 பிப்ரவரியில் வெளியானது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு டிசம்பரில் அதை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. வாங்குகிறவர் கையில் உறுதியாகக் கிடைத்த குறைவு, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது.

விலை அப்படியிருக்க, மாவட்டத்தின் பஸ்ஸும் லாரியும் பட்டனை நம்பித்தான் ஓடின. பஸ்ஸிலும் லாரியிலும் முன் சக்கரத்துக்குப் புது டயர், பின்னால் ரீட்ரேட் என்பது நெடுங்கால வழக்கம். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

பட்டறையில் நடப்பது இது. வந்த டயரை விளக்கு வெளிச்சத்தில் உள்ளும் புறமும் தடவிப் பார்ப்பார்கள். உள்நூல் அறுந்திருந்தால் அந்த டயருக்குப் பட்டன் போடுவது வீண். தேறிய டயரின் தேய்ந்த மேற்பரப்பை இயந்திரத்தில் சுரண்டி, பசை பூசுவார்கள். பழைய முறையில் வேகாத ரப்பரைச் சுற்றி அச்சில் வைத்து 150 டிகிரி போல் வேகவைப்பார்கள். பட்டன் அச்சிலேயே விழும். பின்னால் வந்த முறையில் ஏற்கெனவே பட்டன் விழுந்த பட்டையைச் சுற்றி, உறை மாட்டி, 100 டிகிரிக்குப் பக்கத்தில் அறையில் வைத்து ஒட்டவைக்கிறார்கள். சூடு குறைவு, டயரின் உடம்புக்கும் சேதம் குறைவு. நல்ல டயர் ஒன்று இப்படி இரண்டு மூன்று முறைகூட மேலெழுந்து வரும். நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் கறுப்புத் தோல் துண்டுகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், காற்றுக் குறைந்த புது டயரும் அப்படி உரிந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காரில் கதை வேறு. அம்பாசிடருக்கு 5.90–15, பிரீமியர் பத்மினிக்கு 5.20–14 என்று அகலத்தையும் ரிம்மையும் அங்குலத்தில் எழுதிய காலத்தில், நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் டயர்தான் எல்லாம். மிஷெலின் 1946இல் கண்டுபிடித்த ரேடியல் இந்தியாவில் ஜே.கே. டயர் மூலம் 1977இல் வந்தது. மாருதி 800இன் 145/70 ஆர் 12 வந்தபிறகு மில்லிமீட்டரும் அங்குலமும் ஒரே வரியில் குடியேறின. 165/80 ஆர் 14 என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரேடியல், ரிம் 14 அங்குலம். அழகுக்காக அகல டயரும் பெரிய ரிம்மும் போடுகிறவர்கள் இந்த 80ஐக் கவனிப்பதில்லை. அது 55 ஆனால் பக்கச்சுவர் தாழும். பேச்சிப்பாறை போகும் வழியில் ஒரு பள்ளம் போதும், ரிம் நெளிய. பக்கத்தில் நான்கு இலக்கம் தனியாக இருந்தால் அது பிறந்த தேதி: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தள்ளுபடியில் டயர் வாங்குவோர் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

“வண்டி ஒரு பக்கமாட்டு இழுக்குது அண்ணே” என்று மார்த்தாண்டத்துப் பட்டறையில் வந்து நிற்கிறவரிடம், அனுபவமுள்ள கைக்காரர் முதலில் காற்றைப் பார்ப்பார், அப்புறம்தான் அலைன்மென்ட். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் பாலன்சிங். பக்கச்சுவர் புடைத்திருந்தால் உள்நூல் அறுந்துவிட்டது. அதற்கு வைத்தியம் இல்லை, மாற்ற வேண்டியதுதான். காரின் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி, இரண்டு மழைக்காலமும் நனையும் இந்தச் சாலைகளில் அதற்கு முன்பே மாற்றுவது உயிருக்கு நல்லது. குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளுக்குத் தனி நோய் ஒன்று உண்டு: பஞ்சர் எங்கேயும் இல்லை, காற்று மட்டும் வாரம் ஒருமுறை இறங்கும். டியூப்லெஸ் டயர் ரிம்மின் விளிம்பில் பதிந்துதான் காற்றைப் பிடிக்கிறது. உப்புக்காற்றில் அந்த விளிம்பு துருவேறினால் இடைவெளி விழும். டயரைக் கழற்றித் துருவைத் தேய்த்தெடுத்து மறுபடி மாட்டினால் சரியாகிவிடும். தெரியாதவர் டயரையே மாற்றிவிடுகிறார்.

ரீட்ரேடும் ஏற்காத டயர், படகுத்துறையில் விசைப்படகின் விலாவில் தொங்கி மோதல் தாங்கும்; செருப்பாகும்; மீதி செங்கல் சூளைக்கும் மொட்டைமாடிக்கும் போகும். மாடியில் கிடக்கும் டயரில் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு வளர்வதால், மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக முதலில் தேடுவது அதைத்தான். 2022 ஜூலையில் வந்த விதித் திருத்தப்படி, பழைய டயரை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உற்பத்தி செய்தவருடையது, இறக்குமதி செய்தவருடையது. அதற்காக மாடிவரை யாரும் வருவதில்லை. புது டயர் போடும்போதே பழையதைக் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதுதான் இங்கே வழக்கம். அந்தப் பழையதில் உடம்பு நன்றாக இருக்கும் லாரி டயர்கள் அங்கிருந்து நேரே ரீட்ரேட் பட்டறைக்குப் போகின்றன.