கிளைவ் துரையின் திகைப்பு

சின்னசேலம் ரயில் நிலையத்தில் ஓர் ஐப்பசி மாலை. கல்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. திடீரென்று ஓர் இடி! பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த பையன் திறந்த வாய் மூடாமல் நின்றுவிட்டான். முறுக்கு கையில், கண் வானத்தில். 'அஸ்டானிஷ்' என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லுக்குப் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

பள்ளிக்கூடத்தில் 'ஆச்சரியப்படுத்து' என்று எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். தப்பில்லை, ஆனால் போதாது. அந்தச் சொல்லின் பாட்டி லத்தீன்காரி. அவள் பாஷையில் 'டோனாரே' என்றால் இடி இடிப்பது. பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தபோது, இடி தாக்கினாற்போல் அறிவு கலங்கச் செய்வது என்றே பொருள். கெட்ட சேதி கேட்டால் நாமும் 'தலையில் இடி விழுந்தது' என்கிறோமே, அதேதான். 'ஸர்ப்ரைஸ்' வேறு ஜாதி. அது எதிர்பாராத வேளையில் வந்து பிடித்துக்கொள்வது. சொல்லாமல் வந்து நிற்கும் மைத்துனன் ஸர்ப்ரைஸ். ஆறு மாதம் தங்கப் போவதாக அவன் சொன்னால் அஸ்டானிஷ்!

இந்தச் சொல்லைச் சரித்திரத்தில் ஏற்றியவர் நமக்கு அந்நியரல்ல. சின்னசேலம் நெடுங்காலம் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். ஜில்லாவுக்குப் பேர் கொடுத்த அந்த ஆர்க்காட்டை 1751இல் பிடித்துப் புகழ் பெற்றவர் ராபர்ட் கிளைவ். 1744இல் கும்பினிக் குமாஸ்தாவாகச் சென்னையில் வந்து இறங்கியவர். 1757இல் பிளாசிச் சண்டை முடிந்து மீர் ஜாபர் நவாபு ஆனதும் துரைக்குக் கிடைத்தது இரண்டு லட்சம் பவுனுக்கு மேல்.

1773இல் பார்லிமெண்ட் இதைக் கிளறி விசாரித்தது. முர்ஷிதாபாத் பொக்கிஷத்தில் இருபுறமும் பொன்னும் மணியும் குவிந்திருக்க, நடுவே தாம் நடந்து போனதைத் துரை வர்ணித்தார். அத்தனையிலும் இவ்வளவோடு கையை மடக்கிக்கொண்ட தம்முடைய அடக்கத்தை நினைத்துத் தாமே அஸ்டானிஷ் ஆகி நிற்பதாகச் சொன்னாராம்.

இலக்கணப்படி வாக்கியத்தில் குற்றமில்லை. ஆனால் இடி விழுந்தது யார் தலையில்? 1770 பஞ்சத்தில் வங்காளத்து ஜனங்கள் லட்சம் லட்சமாக மாண்டு மூன்றே வருஷம் ஆகியிருந்தது. விசாரணையின் முடிவில், துரை தம் தேசத்துக்குப் பெரிய, மெச்சத்தக்க சேவை செய்ததாகப் பார்லிமெண்ட் தீர்மானம் போட்டது.

அதைப் படித்த ராத்திரி, சின்னசேலத்துப் பையனைப்போலத்தான் நானும் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.