வாயில் நுழையாத தலைப்பு

விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட பெரிய நாவலின் பெயரை நம்மில் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லத் துணிவார்கள்? எழுதிக் காட்டச் சொன்னால் எழுதிவிடலாம். நாலு பேர் நடுவில் சொல்வதென்றால்தான் சங்கடம். "லெஸ் மிஸரபிள்ஸ்" என்பார் ஒருவர். "லே மிஸரபில்" என்று அவரைத் திருத்துவார் இன்னொருவர். மூன்றாமவர் இருவரையும் பார்த்துப் புன்னகை செய்வார். ஆனால் வாயைத் திறக்கமாட்டார்.

பிரெஞ்சுக்காரன் சொல்வது ஏறக்குறைய "லே மிஸெராப்ல்". முதல் சொல்லின் கடைசி எழுத்து ஊமை. இரண்டாவதில் கடைசி இரண்டும் ஊமை. நடுவில் வருவது நம்முடைய ஸகரம் அல்ல, வண்டு முரல்வதுபோல் அதிர்கிற ஒன்று. ரகரமோ நாக்கு நுனியை விட்டுத் தொண்டைக்குள் குடியேறிவிட்டது. இவ்வளவையும் சமாளித்தாலும் ஈற்றிலுள்ள 'ப்ல்' நம்மைக் கவிழ்த்துவிடும். ஓர் உகரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் தமிழ் நாக்கு அந்த இடத்தில் இளைப்பாறாது. பஸ்ஸைப் 'பஸ்ஸு' ஆக்கிய எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்து நாக்கு 'மிஸெராப்லு' என்று சொன்னால் அதில் ஒரு குற்றமும் இல்லை. வடசொல் நம் வீட்டுக்குள் வருமானால் தன் எழுத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரட்டும் என்றுதான் தொல்காப்பியரும் விதித்தார். பிரெஞ்சுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

இங்கிலீஷ்காரர்கள் பாடும் இதைவிட மேல் என்று சொல்வதற்கில்லை. பூப்லில், ஷோன்பெர்க் என்ற இருவர் இந்தக் கதையை இசை நாடகமாக்கி, 1980-இல் பாரிஸில் மேடையேற்றினார்கள். 1985-இல் அது லண்டனுக்கு வந்து பல பத்தாண்டுகள் ஓடியது. பாட்டுகள் எல்லாம் இங்கிலீஷ்; தலைப்பு மட்டும் பிரெஞ்சு. அதைச் சொல்லிச் சொல்லி அலுத்த ஜனங்கள் வாலைக் கத்தரித்துவிட்டு 'லே மிஸ்' என்று வைத்துக்கொண்டார்கள்.

தமிழில் நடந்தது வேறு. சுத்தானந்த பாரதியார் புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர், பிரெஞ்சு கற்றவர். அந்தத் தலைப்பைத் தடங்கலில்லாமல் உச்சரிக்கக்கூடியவர் அதை அப்படியே ஒதுக்கிவிட்டு, 'ஏழை படும் பாடு' என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடம் போகாதவனும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான்.

அழகான பெயர்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு சிறு குறை உண்டு. பிரெஞ்சில் 'மிஸெராப்ல்' என்றால் பரிதாபத்துக்குரியவன். கேடுகெட்டவன் என்றும் பொருள். துர்ப்பாக்கியசாலியும் துஷ்டனும் ஒரே சொல்லில் வந்து கலந்துவிடும் இடம் ஒன்று உண்டு என்று ஹ்யூகோவே நாவலுக்குள் சொல்கிறார். ழான் வல்ழான் ரொட்டி திருடியது பசியினால். தப்பியோட முயன்றதற்கும் சேர்த்துப் பத்தொன்பது வருஷம் சிறையில் கிடந்தான். அது ஏழை பட்ட பாடு, சரி. வெளியே வந்தபின் சோறு போட்ட பாதிரியாரின் வெள்ளிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போனானே, அது? அவர் மன்னித்து அனுப்பிய பிறகும் வழியில் ஒரு சின்னப் பையனின் காசைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றானே, அது? அங்கே அவன் ஏழை மட்டுமல்ல.

இந்த இரண்டு பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் நம்மிடம் உண்டு. கொலைக் குற்றத்துக்காக விலங்கு பூட்டி அழைத்துப் போகிறவனைப் பார்த்து எங்கள் ஊர்க் கிழவி "பாவி!" என்பாள், அடுத்த மூச்சிலேயே "பாவம்!" என்பாள். திட்டும் இரக்கமும் ஒரே வேரில் முளைத்தவை. 'பாவிகள்' என்று வைத்திருந்தால் ஹ்யூகோவுக்கு நெருங்கிய உறவாயிருக்கும். ஆனால் அந்தப் பெயருக்காக யார் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு தயாரிக்க, கே. ராம்நாத் டைரக்ட் செய்து, 1950-இல் அதே தலைப்பில் படமும் வந்தது. ழான் வல்ழான் 'கந்தன்' ஆனான், நாகையா நடித்தார். இதே நாயுடு 1954-இல் எங்கள் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ள'னையும் படமாக்கினார். கள்ளனுக்குள்ளே நல்லவனைத் தேடுகிற கதைகளில் அவருக்கு ஒரு பிரியம் போலும்!

கதாநாயகனுக்கு விபூதி பூசித் தமிழனாக்கியவர்கள், அவனை விடாமல் துரத்தும் போலீஸ்காரனை மட்டும் ஏனோ பிரெஞ்சிலேயே விட்டுவிட்டார்கள். நாவலில் அவன் பெயர் ழாவேர். இங்கிலீஷ் வழியாகப் படிக்கிறவன் அதை 'ஜாவெர்ட்' என்பான். படத்திலோ 'ஜாவர்'. ழகரம் ஜகரமாயிற்று, வேர் வர் ஆயிற்று. ஆனால் கடைசி எழுத்தைச் சரியாக ஊமையாக்கியிருக்கிறார்கள். பிரெஞ்சு கேட்டுப் பழகிய காது ஒன்று எங்கோ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அந்த வேஷம் போட்டவர் சீதாராமன் என்ற வக்கீல். பட்டணத்து விமர்சகர்கள் என்ன எழுதினார்களோ, எங்கள் தாத்தா அதை டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். ஹ்யூகோ யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. ஆனால் வரி பாக்கிக்கு ஜப்தி செய்ய ஆள் வந்தால், "ஏனுங்க ஜாவர், அடுத்த அறுப்பு வரைக்கும் பொறுக்கக் கூடாதுங்களா?" என்பாராம். வந்தவருக்கும் புரிந்துவிடுமாம். சட்டத்தைத் தவிர வேறொன்றையும் காணாத மனிதனுக்கு அதுவரை தமிழில் பெயரில்லாதிருந்தது.

வேஷம் சீதாராமனை விடவில்லை. 'மேஜர் சந்திரகாந்த்' நாடகம் பின்னாளில் ஒருவரை மேஜர் சுந்தரராஜன் ஆக்கியதுபோல, அவர் ஜாவர் சீதாராமன் ஆனார். அதே மேஜர், ஹ்யூகோவின் சாயல் கொண்ட 'ஞான ஒளி'யில் 1972-இல் சிவாஜியைத் துரத்தும் போலீஸ்காரராக வந்தார் என்பது ஒரு வேடிக்கை. ஜாவர் சீதாராமன் 1954-இல் 'அந்த நாள்' கதையை எழுதித் தாமே துப்பறிபவராக நடித்தார்; 1967-இல் 'பட்டணத்தில் பூதம்' படத்தில் பூதமாக வந்து குழந்தைகளைச் சிரிக்க வைத்தார்; குமுதத்தில் 'உடல் பொருள் ஆனந்தி' எழுதி வாராவாரம் வாசகர்களைக் காக்க வைத்தார். 1971-இல் காலமானார். அவருடைய நாவல்களின் அட்டையில் இன்றும் ஜாவர் சீதாராமன் என்றே அச்சாகிறது. படிப்பவர்களில் பலர் அதை அவர் சொந்த ஊரின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.