கணப்பும் முறுவலும்

மனிதன் தன் இல்லத்தை இனியதாக்கிக்கொண்ட வரலாறு பெரும்பாலும் அவன் பட்ட இன்னல்களின் வரலாறேயாகும். இவ்வுண்மைக்குச் சுவீடன் நாட்டின் குளிர்காலம் தக்கதொரு சான்று.

டிசம்பர்த் திங்களில் ஸ்டாக்ஹோம் நகரின் பகற்பொழுது ஏறத்தாழ 6 மணி நேரமே நீடிக்கும். வடகோடியிலுள்ள கிருனா நகரிலோ சில வாரங்கள் கதிரவன் எழுவதேயில்லை. அந்நாள்களில் குடும்பத்தாரும் நண்பரும் வீட்டினுள் கூடி, மெழுகுவர்த்தி ஒளியில் அமைதியாக அமர்ந்திருக்கும் இன்பத்தைச் சுவீடிய மக்கள் ‘மீஸ்’ என்பர். மனநிறைவோடு முறுவலித்தல் என்பதே அதன் பழைய பொருள்.

இவ்வின்பம் எளிதில் கிட்டியதன்று. 18ஆம் நூற்றாண்டில் சுவீடன் இரும்பு ஏற்றுமதியால் வளம் பெற்றது. இரும்பை உருக்கக் கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். இல்லங்களிலோ திறந்த அடுப்புகள் விறகை விழுங்கின. வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாயிற்று. விறகுப் பஞ்சத்துக்கு அஞ்சிய ஆட்சியாளர், சிக்கனமான கணப்பொன்றை வடிவமைக்கும் பணியை 1767இல் கட்டடக் கலைஞர் கார்ல் யூகான் குரோன்ஸ்டெட், ஃபேபியன் விரேடே ஆகியோரிடம் ஒப்படைத்தனர். அவர்கள் புகையை நேரே வெளியேறவிடாது, செங்கற்களுக்கிடையே மேலும் கீழுமாகச் செல்லும் வழிகளில் செலுத்தினர். புகையின் வெப்பத்தை ஏற்ற செங்கற்கள், தீ அவிந்த பின்னும் பல மணி நேரம் அறையை வெதுவெதுப்பாக வைத்திருந்தன.

தொடக்கத்தில் செல்வர் மாளிகைகளை அணிசெய்த இந்த ஓடு பதித்த கணப்பு, 19ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலை உற்பத்தியால் நகர மக்களின் இல்லங்களையும் அடைந்தது. சிற்றூர்க் குடிசைகளிலோ, இருந்த ஒரே அடுப்பைச் சுற்றி அனைவரும் கூடினர். பெண்டிர் நூல் நூற்றனர். ஆடவர் மரக்கருவிகள் செதுக்கினர். கூடியிருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

20ஆம் நூற்றாண்டில் வந்த மைய வெப்ப அமைப்பு எல்லா அறைகளுக்கும் ஒருசேர வெப்பமளித்தது. இனி ஒருவரையொருவர் நாடி அமர வேண்டிய கட்டாயமில்லை. ஆயினும் வழக்கம் மறையவில்லை. வார இறுதியில் குடும்பத்தோடு கூடியிருப்பதைக் குறிக்கும் ‘வெள்ளிக்கிழமை மீஸ்’ என்னும் தொடர் 1990களில் நாடெங்கும் பரவிற்று.

பஞ்சம் நீங்கியது, பஞ்சம் கற்பித்த நெருக்கம் நிலைத்தது. வசதி வந்ததும் தனித்தனி அறைகளுக்குள் ஒதுங்கிவிடும் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு இது.