சாலைக்குக் கேட்ட பணம்: பால்டிமோர் சொல்லும் பாடம்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன் கவிதையும் எழுதினார், மனுவும் எழுதினார். நான் அவரிடம் கற்றது இரண்டாவதைத்தான். எங்கள் ஊரில் தார்ச்சாலை ஊர்த்தெருவின் கடைசி வீட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து சேரிவரை செம்மண் தடம். மழைக்காலத்தில் ஆட்டோ வராது. நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து தார் தொடங்கும் இடத்தில் இறக்க வேண்டும். அந்த முந்நூறு மீட்டருக்காகக் கார்பன் தாள் வைத்து மூன்று நகலாக மனு எழுதப் பழக்கியவர் அவர். வந்த பதில் எப்போதும் ஒன்றுதான்: நிதி இல்லை. யார் கேட்டால் நிதி வருகிறது, யார் கேட்டால் வருவதில்லை என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் விழுந்தது. சமூகவியல் படிக்கப் போனதற்கும் அதுதான் காரணம்.

இன்று நான் பேசப்போவது அமெரிக்காவின் ஒரு நகரத்தைப் பற்றி. நினைவுச் சொற்பொழிவில் பால்டிமோர் எதற்கு என்று கேட்கலாம். மேலே இருக்கும் அரசு கீழே இருக்கும் ஊருக்கு எந்த விதியில் பணம் தருகிறது என்பது நமக்கு அந்நியமான கேள்வி அல்ல. பாபாசாகேப் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாறு. 1925இல் அது நூலாக வந்தது. அவரைச் சட்ட மேதையாகக் கொண்டாடுகிற அளவுக்கு நிதி அறிஞராக நாம் படிப்பதில்லை.

காதில் வெட்டிய அடையாளம்

அமெரிக்காவில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தன் தொகுதியின் பாலத்துக்கோ சாலைக்கோ பேருந்து நிலையத்துக்கோ கூட்டாட்சி அரசின் பணத்தைப் பெயர் குறித்துக் கேட்டு வாங்குவதற்கு ‘இயர்மார்க்’ என்று பெயர். ஆடு மாடு யாருடையது என்று தெரிய அதன் காதில் அடையாளம் வெட்டுவார்களே, அதிலிருந்து வந்த சொல். பொதுப் பட்டியில் நிற்கும் பணத்தின் காதில் உறுப்பினர் தன் அடையாளத்தை வெட்டிவிடுகிறார்.

1982ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தில் இப்படிப் பெயர் குறித்த திட்டங்கள் பத்துதான் இருந்தன. 1987இல் நூற்றைம்பதைத் தாண்டின. அதைக் காரணம் காட்டி அதிபர் ரீகன் அந்த மசோதாவை நிராகரித்தார். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அவர் நிராகரிப்பையே தள்ளிவிட்டன. செனட்டில் வாக்கு 67க்கு 33. தன் ஊர்ச் சாலைக்கான பணம் என்று வந்துவிட்டால் கட்சி வேலியை உறுப்பினர்கள் எவ்வளவு எளிதாகத் தாண்டுவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 2005இல் எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டியது. அலாஸ்காவில் ஐம்பது பேர் அளவில் வாழும் கிராவினா தீவுக்குப் பாலம் கட்ட 22.3 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது அந்தச் சட்டத்தில்தான். அதே அலாஸ்காவின் உறுப்பினர் டான் யங்தான் அப்போது போக்குவரத்துக் குழுவின் தலைவர். நாடே சிரித்தது. பாலம் கடைசியில் கட்டப்படவில்லை.

2011இல் இந்த முறையை நிறுத்தினார்கள். 2021இல் புதுப் பெயரோடும் சில விதிகளோடும் திரும்பக் கொண்டுவந்தார்கள். உறுப்பினர் எதற்கு, எவ்வளவு கேட்கிறார் என்பதை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தனக்கோ குடும்பத்துக்கோ அதில் ஆதாயம் இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். லாபம் பார்க்கும் நிறுவனத்துக்குக் கேட்கக்கூடாது. ஊர் மக்கள் ஆதரிக்கிறார்கள் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். நல்ல விதிகள்தான்.

ஆனால் பத்திரிகைகள் ‘வீண் செலவு’ என்று எழுதுகிற கதை இதன் ஒரு பாதி மட்டுமே. ஐம்பது பேர் தீவுக்குப் பாலம் கேட்க ஒரு உறுப்பினர் இருந்தார். வீடு இடிபட்ட ஆயிரக்கணக்கானோருக்காகக் கேட்க யார் இருந்தார்கள் என்பதுதான் மறு பாதி.

எங்கும் போகாத நெடுஞ்சாலை

பால்டிமோர் சாதாரண நகரம் அல்ல. எந்தத் தெருவில் வெள்ளையர் வாழலாம், எந்தத் தெருவில் கறுப்பர் வாழலாம் என்று 1910இல் நகரச் சட்டமே போட்டுப் பிரித்த ஊர். அமெரிக்காவில் அதுதான் முதல். 1917இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது. ஆனால் கோடு அழியவில்லை. 1930களில் வீட்டுக்கடன் வரைபடங்களில் கறுப்பர் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்த வரைபடத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1956இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் விரைவுச் சாலைக்கு வழிவகுத்தது. செலவில் 90 விழுக்காடு கூட்டாட்சி அரசு தரும், மாநிலம் 10 தந்தால் போதும். பாதை எங்கே போக வேண்டும் என்பதை மாநில நெடுஞ்சாலைத் துறையும் நகர நிர்வாகமும் முன்மொழிந்தன. பத்து ரூபாய் போட்டால் தொண்ணூறு ரூபாய் வருமென்றால் யாருக்குத்தான் சாலை போட ஆசை வராது? எந்த இடத்தில் நிலம் மலிவு, எந்த இடத்து மக்களின் எதிர்ப்புக்கு மதிப்பு இல்லை என்று பார்த்தார்கள். நாடு முழுக்க விரல் கறுப்பர் குடியிருப்புகளைத்தான் காட்டியது. மியாமியில் ஓவர்டவுன், செயின்ட் பாலில் ராண்டோ, நியூ ஆர்லியன்ஸில் கிளைபோர்ன் நிழற்சாலை. பால்டிமோரில் பிராங்க்ளின், மல்பெரி தெருக்களுக்கு இடைப்பட்ட பகுதி.

மேற்கு பால்டிமோரில் 971 வீடுகளும் 62 கடைகளும் போயின. ஏறக்குறைய 1,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. மறுகுடியமர்வுக்கான இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சாலை வருகிறது என்ற செய்தியே வீட்டின் விலையைப் பாதியாக்கிவிடுகிறது, அந்த விலையை ‘சந்தை மதிப்பு’ என்று எங்கள் கையில் தந்தால் நாங்கள் வேறெங்கே வீடு வாங்குவது என்று கேட்டார்கள். நிலம் கையகப்படுத்தும் அலுவலகத்தில் வழிகாட்டி மதிப்பை வைத்து வாதாடிய யாருக்கும் இந்தக் கேள்வி புரியும். 1968இல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த அமைப்புகளின் கூட்டணி உருவானது. அந்தப் போராட்டம் நகரத்தின் கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய ஃபெல்ஸ் பாயிண்ட்டைக் காப்பாற்றியது. மேற்கே லீக்கின் பூங்காவைக் காப்பாற்றியது. கிழக்குப் பகுதிப் போராட்டத்தில் முன்நின்ற சமூகப்பணியாளர் பார்பரா மிகுல்ஸ்கி பிறகு செனட்டராகி, 2012இல் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்கே தலைவரானார்.

காப்பாற்றப்படாதது நடுவில் இருந்த கறுப்பர் குடியிருப்பு மட்டுமே. இரண்டு பக்கமும் சாலை நின்றுவிட்டது. நடுவில் இடித்த இடத்தில் மட்டும் 1970களின் கடைசியில் ஒன்றரை மைலுக்கும் குறைவான ஒரு பள்ளச் சாலையைக் கட்டி முடித்தார்கள். அது எந்த நெடுஞ்சாலையோடும் சேரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு ‘எங்கும் போகாத நெடுஞ்சாலை’ என்று பெயர் வைத்தார்கள். தேவைக்காக இடித்தோம் என்று சொல்லக்கூட அங்கே ஒரு தேவை மிஞ்சவில்லை.

திட்டம் கேட்பதும் நிபந்தனை கேட்பதும்

அந்தப் பகுதியிலிருந்து பாரென் மிட்செல் 1970இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். மேரிலாந்து மாநிலத்திலிருந்து நாடாளுமன்றம் சென்ற முதல் கறுப்பர் அவர். அவர் போய் அமர்ந்தபோது வீடுகளைப் பறிக்கும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பிரதிநிதித்துவம் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

மிட்செல் செய்ததைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1977இல் உள்ளூர்ப் பொதுப்பணிகளுக்கு 400 கோடி டாலர் தரும் மசோதா சபைக்கு வந்தது. தன் தொகுதிக்கு ஒரு கட்டடம், ஒரு பாலம் என்று அவரும் கேட்டிருக்கலாம். அவர் கேட்டது ஒரு திருத்தம். இந்தப் பணத்தில் எங்கே எந்த வேலை நடந்தாலும் அதில் 10 விழுக்காடு சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களுக்குப் போக வேண்டும். அப்போது அரசுக் கொள்முதலில் அவர்களின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. திருத்தம் சட்டமானது. உச்ச நீதிமன்றம் 1980இல் அதை ஏற்றது. 1982இல் நெடுஞ்சாலை நிதிக்கும் இதே பத்து விழுக்காடு வந்தது. 1995இல், கொலராடோவில் சாலையோரத் தடுப்புக் கம்பி பதிக்கும் ஒப்பந்தம் தொடர்பான வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பால் நீதிமன்றம் இத்தகைய ஒதுக்கீடுகளின் கழுத்தை இறுக்கியது என்பதும் வரலாறுதான்.

மிட்செலுக்கு ஒரு முன்னோடி உண்டு. ஹார்லெமின் உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல், 1946இல் பள்ளி மதிய உணவு மசோதாவில் தொடங்கி, நிற ஒதுக்கல் செய்யும் இடத்துக்குக் கூட்டாட்சிப் பணம் கூடாது என்ற திருத்தத்தை ஒவ்வொரு நிதி மசோதாவின் வாலிலும் கட்டிக்கொண்டே இருந்தார். சொந்தக் கட்சியே அவரைத் தொல்லை என்றது. 1964இன் குடிமை உரிமைச் சட்டத்தில் அது ஆறாவது பிரிவாக நிலைத்தது.

இந்த யோசனை அங்கே மட்டும் பிறந்ததல்ல. பொதுப் பணத்தில் பராமரிக்கும் குளம், கிணறு, பள்ளிகளைத் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் எஸ்.கே. போலே. மூன்று ஆண்டுகள் காத்திருந்தார். உள்ளாட்சிகள் அசையவில்லை. 1926இல் மீண்டும் எழுந்து, அதை நடைமுறைப்படுத்தாத நகராட்சிகளுக்கு மானியம் தராதீர்கள் என்று கேட்டார். பவலுக்கு இருபது ஆண்டுகள் முந்திய குரல் அது. இடையில் 1924இல் நம் ரெட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை நிறைவேற்றி அரசாணையாக்கினார். சாலை கேட்பதற்கு முன்பு சாலையில் நடக்கும் உரிமையைக் கேட்க வேண்டியிருந்த தலைமுறை அது.

எழுதியது நடக்குமா

நிபந்தனை எழுதிவிட்டால் போதுமா? மீண்டும் பால்டிமோருக்கு வருகிறேன். நகரத்தைக் கிழக்கு மேற்காக இணைக்கும் ‘ரெட் லைன்’ ரயில் திட்டத்துக்குக் கூட்டாட்சி அரசு 90 கோடி டாலர் தர முன்வந்திருந்தது. பிழைப்புக்கு நகரத்தின் மறுமுனைக்குப் போக வேண்டிய மேற்கு பால்டிமோர் மக்களுக்கு அது உயிர்நாடி. 2015 ஏப்ரலில் காவலில் காயமடைந்த ஃப்ரெடி கிரே என்ற கறுப்பு இளைஞர் இறந்தார், நகரம் கொதித்தது. இரண்டு மாதம் கழித்து ஜூனில் ஆளுநர் லாரி ஹோகன் அந்த ரயிலை ரத்து செய்தார். மாநிலத்தின் பணம் வேறு பகுதிச் சாலைகளுக்குப் போனது. அதே ஆறாவது பிரிவைக் காட்டிக் குடிமை உரிமை அமைப்புகள் புகார் செய்தன. 2017இல், ஆட்சி மாறிய பிறகு, பாகுபாடு நடந்ததா இல்லையா என்று சொல்லாமலே கோப்பை மூடினார்கள். திட்டத்துக்கு உயிர் கொடுக்க 2023இல் இன்னொரு ஆளுநர் வர வேண்டியிருந்தது.

இடித்த தவறைச் சரிசெய்யவும் பணம் கேட்கப்பட்டது. நெடுஞ்சாலை பிளந்த குடியிருப்புகளை மீண்டும் இணைக்க 2,000 கோடி டாலர் வேண்டும் என்று 2021இல் அதிபர் முன்மொழிந்தார். மேரிலாந்து செனட்டர் கிறிஸ் வான் ஹோலனும் மிட்செலின் தொகுதியை இன்று வகிக்கும் குவேசி இம்ஃபூமேயும் பால்டிமோரின் அந்தப் பள்ளத்தையே உதாரணமாகக் காட்டி வாதாடினார்கள். சட்டமாகி வந்தபோது தொகை 100 கோடி. அடுத்த ஆண்டு வேறொரு சட்டத்தில் மேலும் நிதி சேர்ந்தது. 2024இல் பால்டிமோருக்கு 8.55 கோடி டாலர் அறிவித்தார்கள். 2025 ஜூலையில் புதிய ஆட்சி, அந்தத் திட்டத்தில் இன்னும் ஒப்பந்தமாகாத நிதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டம் போட்டது. இடிப்பதற்குத் தொண்ணூறு விழுக்காடு தந்த அரசு, கட்டுவதற்குத் தந்ததைத் திரும்பக் கேட்கிறது.

நம் கையில் இருப்பது

இனி நம் கதை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 விழுக்காடு, அதாவது 75 லட்சம், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் ஏழரை விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. அதாவது, மிட்செல் போராடி வாங்கிய வகையான நிபந்தனை நம் நாட்டில் எழுத்திலேயே இருக்கிறது. ஆனால் காலனி பெயரில் பலகை நட்டு, சாலையை வேறு யாருடைய தோப்புக்கோ திருப்பிவிடும் வேலையை நாம் பார்த்திருக்கிறோம். தில்லி அரசு பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்ட நிதியில் பல நூறு கோடியை 2010 காமன்வெல்த் விளையாட்டுப் பணிகளுக்குத் திருப்பியதும் நமக்கு நினைவிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் துணைத்திட்ட நிதிக்கு 2024இல்தான் தனிச் சட்டம் வந்தது.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் தொகுதி உறுப்பினர் கடந்த ஐந்து ஆண்டில் அந்த 15 விழுக்காட்டில் என்னென்ன வேலைகளைப் பரிந்துரைத்தார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பட்டியல் வந்ததும் அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடத்துக்கும் நடந்து போங்கள். சாலை எங்கே தொடங்குகிறது, எந்த வீட்டு வாசலில் முடிகிறது என்று குறித்து வாருங்கள். போலேயின் தீர்மானத்தை ஏற்று மகாத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் எழுதிவைத்தது. 1927 மார்ச்சில் பாபாசாகேப் மக்களோடு நடந்துபோய்த் தண்ணீரைக் கையில் அள்ளும்வரை அது காகிதமாகத்தான் கிடந்தது.

எங்கள் ஊரின் முந்நூறு மீட்டருக்குப் பின்னாளில் தார் வந்தது. அண்ணன் அதில் ஒருமுறைதான் பயணம் செய்தார். அவரது கடைசிப் பயணம் அது. மனுவின் மூன்றாம் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜெய்பீம்.