புனேயிலிருந்து மலையேறிய ஆய்வகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய உழவர் வறட்சிக்கு அடுத்தபடியாக அஞ்சியது வெக்கை நோயை. காய்ச்சலும் வாய்ப்புண்ணும் ஓயாத கழிச்சலுமாகச் சில நாட்களில் மாட்டைச் சாய்த்துவிடும் அந்நோய் ஒரு கொட்டிலில் புகுந்தால், அவ்வூரில் அடுத்த பருவத்துக்கு ஏர் பூட்ட மாடு மிஞ்சாது. ஹாலன் தலைமையிலான கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் 1871இல் இதன் கேட்டை விரிவாக எடுத்துக் காட்டிய பிறகும், பதினெட்டு ஆண்டுகள் கழித்தே அரசு அசைந்தது. 1889 டிசம்பர் 9 அன்று புனே அறிவியல் கல்லூரியில், அதாவது பின்னாளைய பொறியியல் கல்லூரியில், இம்பீரியல் நுண்ணுயிரியல் ஆய்வகம் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஆல்ஃபிரெட் லிங்கார்ட் அதன் பொறுப்பேற்றார்.

புனேயில் லிங்கார்ட் முதலில் முனைந்து ஆராய்ந்தவற்றுள் ஒன்று ‘சர்ரா’ என்னும் குதிரை நோய். இரத்தத்தில் நெளியும் ஓரணு ஒட்டுண்ணியால் வரும் இந்நோய் படைக் குதிரைகளை மாய்த்துவந்ததால், அரசுக்கு அதில் அக்கறை மிகுந்திருந்தது இயல்பே. ஆனால் வெக்கை நோய் வேறொரு சிக்கலை முன்வைத்தது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட பாஸ்டருக்கு முயல் என்ற பதிலி விலங்கு வாய்த்தது; வெக்கை நோய்க் கிருமியோ அன்றைய ஆய்வகங்களின் முயலிலும் கினிப்பன்றியிலும் எளிதில் பிடிகொள்ளவில்லை. ஆகவே நோயாளியாகிய மாடே சோதனை விலங்காகவும் ஆக வேண்டியிருந்தது. மாடு கூண்டில் அடங்கும் உயிரன்று. அதற்குத் தொழுவமும் தீவனமும் ஆளும் வேண்டும், நோயேற்றப்பட்ட மாட்டை ஊர் மாடுகளிடமிருந்து வெகுதொலைவில் நிறுத்தவும் வேண்டும். நகரத்துக் கல்லூரி வளாகம் இதற்கு இடம் தராது. புனேயின் வெப்பமும் கிருமி வேலைக்கு ஒத்துவரவில்லை. 1893இல் ஆய்வகம் இமயமலைச் சாரலில், குமாவோனின் முக்தேசருக்கு மாற்றப்பட்டது.

அங்கே வேறொரு வசதியும் இருந்தது. சமவெளி மாடுகளில் பல இந்நோயை ஓரளவு தாங்கி நிற்க, குமாவோனின் சிறிய மலை மாடுகள் எளிதில் அதற்கு இரையாயின. எனவே வீரியம் குன்றாத கிருமியை உயிருடன் காத்துவைக்க மலைக் காளைகளே ஒன்றன்பின் ஒன்றாக நோயேற்றப்பட்டன. 1897இல் பிளேக் ஆய்வுக்காகப் பம்பாய் வந்த நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் முக்தேசருக்கும் சென்று இப்பணியைப் பார்த்தார். அவர் வந்த நாள் ஏடுகளில் இருக்கிறது. காளைகளுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

பின்னர் பரவிய முறையில், நோயுற்ற மாட்டின் இரத்தத்தையும், நோயிலிருந்து மீண்ட மாட்டிலிருந்து எடுத்த எதிர்ப்புச் சீரத்தையும் ஒரே நேரத்தில் செலுத்தினர். எதிர்ப்பாற்றல் நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் அந்த இரத்தத்தோடு உண்ணிக்காய்ச்சல் ஒட்டுண்ணிகளும் ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போயின. சோதனை விலங்கின் உடலில் மறைந்திருக்கும் நோய் ஆய்வையும் மருந்தையும் ஒருசேரக் கெடுக்கும் என்பது இன்று ஆய்வக விலங்கு மருத்துவத்தின், அதாவது ஆராய்ச்சிக்கு வளர்க்கப்படும் விலங்குகளின் நலம் பேணும் துறையின், அடிப்படைப் பாடம். முக்தேசர் அதை அடிபட்டே கற்றது. 1920களில் அங்கே ஜே. டி. எட்வர்ட்ஸ் கிருமியை ஆடுகளின் வழியே தொடர்ந்து கடத்தியபோது மாட்டின் இரத்த ஒட்டுண்ணிகள் கழிந்தன. எதிர்பாராத ஆதாயமாகக் கிருமியின் வீரியமும் தணிந்து, ஆட்டுத் திசுத் தடுப்பூசி பிறந்தது.

இத்தகைய விலங்குச் சோதனைகளை நெறிப்படுத்தப் பிரிட்டனில் 1876இலேயே சட்டம் இருந்தும், அது இந்தியாவுக்கு நீளவில்லை. ஆட்சியாளருக்கு அது வசதியாகவும் இருந்தது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எழுப்பிய குரலின் விளைவாக வந்த 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கு வழிவகுத்தது. விரிவான விதிகள் வர 1998 ஆயிற்று.

வெக்கை நோய்ச் சீரம் தயாரிக்க 1932இல் ராணிப்பேட்டையில் ஒரு நிறுவனம் எழுந்தது. அவ்வூர் அடங்கிய வட ஆர்க்காட்டிலேயே, 1995இல், இந்தியாவின் கடைசி வெக்கை நோய்த் தாக்குதல் பதிவாயிற்று; 2011இல் உலகம் முழுவதிலும் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.