வேடமும் வேட்டியும்

நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உடை அமைப்பதைத் தையற்காரரின் சிறுவேலையென ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இது பெருந்தவறு. எவர் எதனை உடுக்கலாம் என்பதைச் சாதியே விதித்திருந்த மண்ணில், ஒரு பாத்திரத்துக்கு உடை தெரிந்தெடுப்பது சமுதாய வரலாற்றில் கைவைப்பதாகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலுங்கூடக் குடாநாட்டின் பல கிராமங்களில், ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டியைத் தாழ உடுத்தலாகாது. தோளிற் சால்வை கிடத்தலாகாது. பெண்கள் மேற்சட்டை அணியலாகாது. குறுக்குக்கட்டே அவர்களுக்கு விதி. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் போராடி 1859இல் அரச அறிவித்தலைப் பெற்ற கதையைப் பெருமையுடன் படிக்கும் நாம், நமது வேலிக்குள் நடந்ததைப் பேசத் தயங்குகிறோம்.

இந்தச் சமுதாயத்திலேதான் விடிய விடியக் கூத்து ஆடப்பட்டது. ஈழத்துக் கூத்து மரபில் அரசனுக்குரிய கரப்புடுப்பு, பிரம்பு வளையத்தின்மேல் துணி சுற்றிக் கோழிக் கரப்பைப்போல் விரிந்து நிற்பது. மரத்திற் செய்து கண்ணாடித் துண்டு பதித்த முடி, புயகீர்த்தி, மார்ப்பதக்கம் ஆகியவற்றையும் சுமந்துகொண்டே ஆட வேண்டும். பந்த வெளிச்சத்தில், தூரத்திற் பாய் விரித்திருப்பவனுக்கும் இவன் அரசன் என்பது தெரிய வேண்டுமே! இக்கலையைக் காத்தவர்கள் பெரும்பாலும் உழைக்கும் மக்கள். பகலிற் சால்வையை அரையிற் கட்டியவன் இரவில் முடி தரித்தான். விடிந்ததும் கழற்றி வைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த தென்னிந்திய நாடகக் குழுக்கள் வெல்வெட்டையும் சரிகையையும் கொண்டு வந்தன. அவற்றின் வழியில் வளர்ந்த இசை நாடகத்தின் உச்சம் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டம். அந்நாடகத்தில் உடை குறைவதே கதை. பட்டுடுத்த அரிச்சந்திரன் வீரபாகுவின் அடிமையாகிச் சுடலை காக்கிறான்; அவையோர் கண்ணீர் விடுகின்றனர். அரசன் அந்தக் கோலத்துக்கு இறங்கியதற்கே அக்கண்ணீர். அக்கோலத்திலேயே பிறந்து அக்கோலத்திலேயே மடிந்தவனுக்காக எந்த அவையும் அழுததில்லை.

1962இல் கர்ணன் போர் முதலாகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது நேரமும் சுருங்கிற்று. உடுப்பின் பாரமும் குறைந்தது.

திரைப்படமோ முடியையும் புயகீர்த்தியையும் விட்டு அன்றாட உடையிடம் வந்தது. சீதனத்துக்கு வழியற்ற வெள்ளாளக் குடும்பத்துப் பெண் சாதி கடந்து காதலித்தவனுடன் போவதைச் சொல்லும் பொன்மணி, தர்மசேன பத்திராஜவின் இயக்கத்தில் 1977இல் வெளிவந்தது. இத்தகைய கதைக்கு உடை அமைப்பவர் விடை காணவேண்டிய கேள்விகள் மிகச் சிறியவை: வேட்டி எவ்வளவு நீளம்? சால்வை தோளிலா, அரையிலா? ஒழுங்கைத் திருப்பத்தில் இன்னாரைக் கண்டதும் அது எங்கே இறங்குகிறது?

காந்தி திரைப்படத்தின் உடையமைப்புக்காக பானு அதையா 1983இல், ஜான் மோலோவுடன் சேர்ந்து, ஆஸ்கார் விருது பெற்றார். வழக்கறிஞரின் கோட்டிலிருந்து அரையாடை வரையான பயணம் அது. 1921இல் மதுரையில் அவ்வாடையை ஏற்ற காந்தியடிகளை 1927இல் யாழ்ப்பாணம் திரண்டு வரவேற்றது. மேலாடையைத் தாமாகத் துறந்தவரை மகாத்மா என்று வணங்கிய ஊர், மேலாடை மறுக்கப்பட்டவர்களை அதே நாளில் வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்தது. இந்த முரணைக் காட்ட நமது படங்களுக்கு இன்னும் துணிவு வரவில்லை என்பதே எமது எண்ணம்.

அக்காலத்தை இனிப் படமாக்க முனைவோர் பழைய குடும்ப அல்பங்களைப் புரட்டுவர். அவற்றில் இருப்பது கமராவுக்கு முன் நிற்க வசதி பெற்றவர்களின் பட்டு. குறுக்குக்கட்டு உடுத்தவர்களை ஸ்ரூடியோவுக்கு அழைத்தவர் எவர்? அவர்கள் உடுத்ததை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். எஞ்சியிருப்போர் எண்பதைக் கடந்துவிட்டனர்.