கட்டபொம்மன் வீட்டில் என்ன மொழி பேசினார்கள்?

கயத்தாறில் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனை நாம எல்லாரும் சிவாஜி குரல்லதான் கேட்டிருக்கோம். 1959-ல வந்த படம். அந்த அடுக்குத் தமிழ் இன்னும் காதுல நிக்குது. ஆனா அவர் குடும்பத்தோட வீட்டு மொழி தெலுங்கு. கெட்டி பொம்முங்கற பேர்தான் கட்டபொம்மன் ஆச்சுன்னு சொல்வாங்க. அவங்க கும்பிட்ட ஜக்கம்மாவும் தெலுங்கு பேசற சாமிதான்.

இது கட்டபொம்மனோட முடிஞ்சு போன கதை இல்லை. கடம்பூர்ல ரயிலை விட்டு இறங்கி, போளியை வாங்கிக்கிட்டு கரிசக்காட்டுக்குள்ள நாலு ஊர் போங்க. ஏதாவது ஒரு திண்ணையில வயசானவங்க தெலுங்குல பேசிக்கிட்டு இருப்பாங்க. அவங்ககிட்ட தெலுங்குல எழுதச் சொன்னா முடியாது. எழுத்து தெரியாது. கணக்கு, கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் தமிழ்லதான்.

எப்படி வந்தாங்க? 14-ம் நூற்றாண்டுல விஜயநகரப் படை மதுரைக்கு வந்தது. 16-ம் நூற்றாண்டுல விசுவநாத நாயக்கர் காலத்துல பாளையங்கள் பிரிக்கப்பட்டது. படையோட வந்தவங்க, பின்னாடி பஞ்சத்துக்கும் சண்டைக்கும் பயந்து வந்தவங்கன்னு கொஞ்சம் கொஞ்சமா நடந்த குடியேற்றம். கம்பளத்து நாயக்கர், கம்மவார், ரெட்டியார் மட்டும் இல்லை. நிலமே இல்லாத அருந்ததியர் பலர் வீட்டிலும் தெலுங்குதான். இதை ஜமீன் கதையா மட்டும் சொல்றவங்க இந்தப் பாதியை விட்டுடறாங்க.

ஏன் கரிசல்ல தங்கினாங்கங்கறதுக்கு மண்ணுலயே பதில் இருக்கு. தெலுங்கு நாட்டிலும் கருப்பு மண் உண்டு. அதை அங்கே ரேகடின்னு சொல்வாங்க. பள்ளிக்கூட புவியியல் புத்தகத்துல கரிசல் மண்ணுக்கு 'ரெகூர்'னு ஒரு பேர் படிச்சோமே, அது இந்த ரேகடிதான். மழை பெஞ்சா காலை விடாம ஒட்டற, வெயில்ல கையளவு வெடிக்கிற மண்ணை எப்ப உழணும், எப்ப பருத்தி போடணும்னு அவங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

இப்படி ஒரு மொழி இன்னொரு பெரிய மொழிக்கு நடுவுல எப்படிப் பிழைக்குது? இதைக் கேட்டா உலகத்துல பலரும் காட்டற ஊர் வேல்ஸ்.

பிரிட்டன் தீவோட மேற்குப் பக்கம். தமிழ்நாட்டுல ஆறுல ஒரு பங்கு பரப்பு, ஜனத்தொகை சுமார் 31 லட்சம். வேல்ஸ்ங்கற பேரே ஆங்கிலேயர் வச்சது, அதோட பழைய அர்த்தம் 'அந்நியர்'. சொந்த மண்ணுல இருக்கறவனுக்கு, பின்னாடி வந்தவன் வச்ச பேர்! அவங்க தங்களைச் சொல்லிக்கறது 'கம்ரி', நம்ம நாட்டுக்காரங்கன்னு அர்த்தம். நம்ம சங்கப் பாட்டுலயும் வடக்கே இருந்தவங்களுக்கு 'வடுகர்'னு வெளியாள் வச்ச பேர் உண்டு.

1536-ல ஆங்கிலேயச் சட்டம் கோர்ட்டிலும் அரசுப் பதவியிலும் வேல்ஸ் மொழிக்கு இடமில்லைன்னு ஆக்கிடுச்சு. 19-ம் நூற்றாண்டுல பல பள்ளிகள்ல ஒரு மரத்துண்டு வச்சிருந்தாங்க. வேல்ஸ் மொழி பேசற பிள்ளை கழுத்துல அதை மாட்டுவாங்க. அடுத்து எவன் பேசறானோ அவனுக்கு மாறும். சாயங்காலம் யார் கழுத்துல இருக்கோ அவனுக்கு அடி.

இருந்தும் மொழி சாகலை. முக்கியமான காரணம், 1588-ல வில்லியம் மார்கன் முழு பைபிளையும் வேல்ஸ் மொழியில கொண்டுவந்தார். ஞாயித்துக்கிழமைப் பள்ளியில பாமர ஜனம் அதை வச்சே எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. அதுக்குப் பிறகு 1980-ல க்வின்ஃபர் எவன்ஸ், தனி டிவி சேனல் தரலைன்னா சாகும்வரை உண்ணாவிரதம்னு அறிவிச்சார். தாட்சர் அரசே இறங்கி வந்துச்சு. 1982-ல சேனல் வந்தது. (சென்னையில பொட்டி ஸ்ரீராமுலு 1952-ல உண்ணாவிரதம் இருந்து உயிரையே விட்ட பிறகுதான் ஆந்திரா கிடைச்சது.)

இப்ப கணக்கைப் பாருங்க. 2021 கணக்கெடுப்புல வேல்ஸ் மொழி தெரிஞ்சவங்க 5 லட்சத்து 38 ஆயிரம் பேர். 2011-ல தமிழ்நாட்டுல தாய்மொழி தெலுங்குன்னு சொன்னவங்க சுமார் 42 லட்சம் பேர். மொத்த வேல்ஸ் ஜனத்தொகையை விட அதிகம்!

எண்ணிக்கை மட்டும் போதும்னா கரிசல் தெலுங்குக்குக் கவலையே இல்லை. ஆனா இங்கே புத்தகமும் இல்லை, மரத்துண்டும் இல்லை. அடிச்சா திமிறத் தோணும். இங்கே யாரும் அடிக்கலை. பிள்ளைகள் பள்ளிக்கூடத் தமிழை வீட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க, அவ்வளவுதான். சத்தமே இல்லாம போகுது.

அதுல தமிழுக்குக் கிடைச்ச லாபம் பெருசு. கோவில்பட்டி பக்கத்துல இடைசெவல்னு ஒரே ஊர். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அங்கே பிறந்தவங்க. ரெண்டு பேருக்கும் வீட்டுல தெலுங்கு, எழுத்துல தமிழ், ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாடமி. கரிசல் பேச்சுத் தமிழுக்கு அகராதி போட்டவரே கி.ரா.தான்! தெற்கே வந்து காடு திருத்தின கதையை 'கோபல்ல கிராமம்' நாவல்ல அவர் எழுதினதும் தமிழ்லதான்.

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. இருக்கு.

பக்கவாதம் வந்து பேச்சு போனவங்களுக்கு எந்த மொழி முதல்ல திரும்பும்? சின்ன வயசுல கத்துக்கிட்டதுதான் நிலைக்கும்னு ரிபோன்னு ஒரு பிரெஞ்சு அறிஞர் சொன்னார். அதிகம் புழங்கினதுதான் முதல்ல வரும்னு 1895-ல பித்ரே சொன்னார். ரெண்டுக்கும் விதிவிலக்கு ஏராளம். ஆனா மறதி நோய்ல, பின்னாடி கத்துக்கிட்ட மொழி முதல்ல நழுவறது பலர்கிட்ட நடக்குது. எண்பது வயசு ஆச்சிகிட்ட தமிழ்ல மட்டும் கேள்வி கேட்டு ஞாபகசக்திக்கு மார்க் போட்டா, அந்த மார்க் நோயோடதா, மொழியோடதா?

வேல்ஸ்ல 2012-லயே இதுக்கு அரசு வழிமுறை போட்டுட்டாங்க. நோயாளி கேட்கணும்னு காத்திருக்கக் கூடாது, 'உங்க மொழியில பேசலாமா'ன்னு மருத்துவமனைதான் முதல்ல கேட்கணும். நம்ம ஓ.பி. சீட்டுல வயசு, ஆண்/பெண், ஊர் எல்லாம் இருக்கு. வீட்டு மொழிக்குக் கட்டம் இல்லை.

அதனால கரிசல் பக்கம் வேலைக்கு வர்ற இளம் டாக்டர்களுக்கு நாலு வார்த்தை. நொப்பின்னா வலி. கடுபுன்னா வயிறு, நீர்க்கடுப்பு இல்லை. கள்ளுன்னா கண்கள், குடிக்கிறது இல்லை. குண்டென்னா இதயம். பாட்டி 'குண்டெ நொப்பி'ன்னு சொன்னா, உட்கார்ற இடத்துல வலின்னு நினைச்சு ஊசி போட்டு அனுப்பிடாதீங்க. உடனே ஈசிஜி எடுங்க.